பூவும் நாரும்: இணையதளப் படங்களை எங்கே வைப்பது?

பூந்தமல்லியில் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களும் கணினி மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



2015 டிசம்பர் முதல் தேதி இரவு வந்த வெள்ளத்தைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. நமக்குப் பக்கத்தில் இருக்கிற செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அன்று விநாடிக்கு 29,000 கன அடி வரை அதிலிருந்து திறந்துவிட்டதாக அரசு சொன்னது. அடையாற்றங்கரை முழுவதும் அந்தத் தண்ணீரைப் பார்த்தது. மணப்பாக்கத்தில் தரைத்தள வீட்டில் இருந்த என் சித்தியும் பார்த்தார்.

தண்ணீர் வடிந்த பிறகு நாங்கள் போனபோது அவர் ஃபிரிட்ஜையும் பார்க்கவில்லை, மெத்தையையும் பார்க்கவில்லை. பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து மூன்று ஆல்பங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேற்றில் ஊறிய படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தால் மேலடுக்கு உரிந்துவந்து ஒருவர் முகம் இன்னொருவர் மேல் படிந்தது. காப்பாற்ற முடிந்தவற்றை நான் எடுத்துவந்து, நிழலில் உலர்த்தி, ஸ்கேன் செய்தேன். இருநூறுக்கும் மேல் தேறின. ஆனால் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் என் சித்தப்பா பேனா மையில் எழுதிவைத்திருந்த பெயர்களை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. முகங்கள் இருந்தன, பெயர்கள் இல்லை.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நடந்தது இன்னொன்று. ஒரு பள்ளியின் விழாவுக்காகப் பழைய மாணவர்கள் சேர்ந்து ஓர் இணையதளம் தொடங்கினார்கள். நானும் வேலை செய்தேன். வகுப்புப் படங்கள், விளையாட்டு விழாப் படங்கள், நாடகப் படங்கள் என்று நானூறு போலத் திரட்டினோம். ஒவ்வொன்றின் கீழும் வரிசையாகப் பெயர்: நிற்பவர் இடமிருந்து வலம், அமர்ந்திருப்பவர் இடமிருந்து வலம். பிறகு தளத்தை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். பெயர்கள் இருந்த தரவுத்தளத்தை மட்டும் நகலெடுத்தவர்கள் படங்கள் இருந்த ஃபோல்டரை எடுக்கவில்லை. பழைய சர்வரின் கணக்கு முடிந்து எல்லாம் அழிக்கப்பட்ட பிறகுதான் தெரிந்தது. புதிய தளத்தைத் திறந்தால் பெயர் வரிசைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, மேலே வெறும் சட்டம். பெயர்கள் இருந்தன, முகங்கள் இல்லை.

ஓர் இணையதளத்துக்கான படங்களைத் தரவுத்தளத்துக்குள்ளேயே வைப்பதா, தனிக் கோப்புகளாக வைத்துவிட்டு அவற்றின் முகவரியை மட்டும் தரவுத்தளத்தில் எழுதுவதா என்ற கேள்வியை நான் இந்த இரண்டு இழப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டுதான் கேட்கிறேன். கணினி படிக்கும் மாணவர்கள் இதை வேகம் சம்பந்தப்பட்ட கேள்வியாகவே படிக்கிறார்கள். வேகத்தைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் எனக்கு முதன்மையாகப் படுவது வேறு.

அதை ஓர் உவமையில் சொல்கிறேன். திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் இது. பூவிருந்தவல்லி என்ற இந்த ஊர்த் தோட்டத்துப் பூவை மாலையாகக் கட்டிக் காஞ்சிப் பெருமாளுக்குக் கொண்டுபோனவர் என்று அவரைச் சொல்வார்கள். மாலை கட்டத் தெரிந்தவர்களைக் கேட்டால் நான் சொல்ல வருவது உடனே புரியும். பூவை யாரும் நாருக்குள் திணிப்பதில்லை. பூ வெளியேதான் இருக்கிறது. நார் அதை வரிசைப்படுத்திக் கட்டுகிறது. முடிச்சு தளர்ந்தால் பூவும் உதிரும், நாரும் வீண். படம் பூ, தரவுத்தளம் நார். என் கட்சி இதுதான். முதலிலேயே சொல்லிவிட்டேன், இனிக் காரணங்களைச் சொல்கிறேன்.

நம் தாலுகாவிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. வீடோ மனையோ வாங்கியவர்கள் எல்லோரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருந்திருப்பீர்கள். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அந்த அலுவலகத்தில் இரண்டு வகையான ஏடுகளை வைக்கச் சொல்கிறது. ஒன்று, ஆவணங்களே ஏறும் புத்தகங்கள். நிலம், வீடு பற்றிய பத்திரங்கள் முதலாம் புத்தகத்தில் ஏறும். மற்றொன்று, அட்டவணைகள். முதல் அட்டவணையில் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்கள். இரண்டாம் அட்டவணையில் சொத்தின் விவரங்கள். கணினி வருவதற்கு முன்பும் வில்லங்கம் போட்டுப் பார்த்தவர் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டவில்லை. அட்டவணையில் தேடினார், அங்கே ஆவண எண்ணும் ஆண்டும் கிடைத்தன, அந்த எண்ணைக் கொண்டு அலமாரியிலிருந்து ஆவணத்தை எடுத்தார்கள். தேடுவதற்கு ஓர் ஏடு, வைத்திருப்பதற்கு வேறோர் இடம், இரண்டையும் கட்டுவது ஓர் எண். கணினி வராத காலத்தில் எழுதிய சட்டம் நம் கேள்விக்குப் பாதி விடையை அப்போதே சொல்லிவிட்டது.

இனி இயந்திரத்துக்குள் வருவோம். உங்கள் கைபேசியில் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். அதில் பத்துப் படங்கள் இருந்தால் ப்ரௌசர் பத்து முறை சர்வரைக் கேட்கிறது. படம் கோப்பாக இருந்தால் சர்வருக்கு வேலை மிகக் குறைவு. வட்டில் இருப்பதை அப்படியே எடுத்து அனுப்புகிறது. இயங்குதளம் அண்மையில் படித்த கோப்புகளைத் தன் நினைவகத்திலேயே வைத்திருக்கும் என்பதால் பல நேரம் வட்டைத் தொடவும் தேவையில்லை. அதே பக்கத்தை நாளை மறுபடி திறந்தால் ப்ரௌசர், என்னிடம் நேற்றைய பிரதி இருக்கிறது, மாறியிருக்கிறதா என்று கேட்கும். சர்வர் 304 என்ற எண்ணைப் பதிலாக அனுப்பும். மாறவில்லை என்று அதற்குப் பொருள். படம் மறுபடி பயணம் செய்யாது.

படம் தரவுத்தளத்துக்குள் இருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிரல் எழுந்து, தரவுத்தளத்தோடு இணைந்து, படத்தை வாங்கி, தன் நினைவகத்தில் ஏற்றி, பிறகு அனுப்பவேண்டும். அந்த 304 பதிலையும் நீங்களே நிரலில் எழுதவேண்டும். எழுதாமல் விட்டவர்களின் தளங்களில் ஒரே படம் ஒரே ஆளுக்கு நூறு முறை போகும். டேட்டா காசு போவது பார்க்கிறவருக்கு.

தரவுத்தளம் அந்தப் படத்தை எப்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள். போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் தன் தகவலை எட்டு கிலோபைட் பக்கங்களாக எழுதுகிறது. ஒரு பதிவு சுமார் இரண்டு கிலோபைட்டுக்கு மேல் போனால் பெரிய பகுதியைத் துண்டு துண்டாக நறுக்கி வேறோர் அட்டவணையில் வைக்கும். மூன்று மெகாபைட் படம் ஒன்று சுமார் 1,500 துண்டுகளாகிறது. கேட்கும்போதெல்லாம் அவற்றைக் கோத்துத் தரவேண்டும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் பிளாப் என்ற வகைப் புலம் 65,535 பைட் வரைதான் கொள்ளும். பெரிய படத்துக்கு மீடியம்பிளாப், லாங்பிளாப் என்று வேறு வகைகள் உண்டு. அளவு மீறினால் ஏற்க மறுக்கும் கண்டிப்பு முறையை இயக்காத பழைய அமைப்புகளில் இதைக் கவனிக்காமல் பெரிய படத்தை ஏற்றியவர்களுக்குப் படத்தின் தலைப்பகுதி மட்டும் மிஞ்சும். நெற்றியும் கண்ணும் தெரியும், கீழே சாம்பல் நிறம். சோதனைக்குச் சின்னப் படத்தை ஏற்றிப் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று போய்விடுவோம். அதனால்தான் இது பல நாள் கண்ணில் படாது.

அடுத்தது பேக்கப். இங்கேதான் என் மனம் உறுதிப்பட்டது, ஆகவே கொஞ்சம் கணக்குப் போடுகிறேன். ஓர் ஊரின் பழைய படங்கள் 2,000 என்று வையுங்கள். ஒவ்வொன்றும் மூன்று மெகாபைட். மொத்தம் ஆறு ஜிபி. ஒவ்வொரு படத்துக்கும் பெயர், இடம், ஆண்டு, எடுத்தவர், கொடுத்தவர் என்று இரண்டு கிலோபைட் குறிப்பு எழுதினால் மொத்தக் குறிப்பும் நான்கு மெகாபைட்தான். தனித்தனியாக வைத்தால் அந்த நான்கு மெகாபைட்டைத் தினமும் மின்னஞ்சலில்கூட உங்களுக்கே அனுப்பிவைக்கலாம். ஆறு ஜிபியை ஒரே ஒரு முறை நகலெடுத்தால் போதும். பிறகு புதிதாக வந்த படங்களை மட்டும் சேர்த்துக்கொண்டே போகலாம். இரண்டையும் தரவுத்தளத்துக்குள் போட்டுவிட்டால் ஒரு தலைப்பில் எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் அன்றைய முழு நகலில் ஆறு ஜிபியும் வரும். அந்த நகலை எழுத்து வடிவில் எடுக்கும்போது பதினாறடிமான எண்ணாக எழுதினால் இரு மடங்கு, பன்னிரண்டு ஜிபி. பேஸ்64 முறையில் எழுதினால் மூன்றில் ஒரு பங்கு கூடி எட்டு ஜிபி. மலிவான ஹோஸ்டிங்கில் அவ்வளவு பெரிய நகலைத் திரும்ப ஏற்ற முயன்றவர்களுக்குத் தெரியும், பாதியில் நின்றுவிடும். நகலெடுப்பது கடினமாக இருந்தால் மனிதர்கள் நகலெடுக்க மாட்டார்கள். சங்கங்களும் கோயில்களும் ஊர்க்காரர்களும் ஆர்வத்தில் தொடங்கும் தளங்களில் படங்கள் உள்ளே இருப்பதா வெளியே இருப்பதா என்பதை இந்த ஒரு காரணத்தை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசினால் மாணவர்களுக்குத் துரோகம்.

2006இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ரஸ்ஸல் சியர்ஸ், கேத்தரின் வான் இன்கன், ஜிம் கிரே மூவரும் இதே கேள்வியை அளந்து பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஜிம் கிரே தரவுத்தளத் துறையின் பெரியவர், ட்யூரிங் விருது பெற்றவர். தரவுத்தளக்காரரே தரவுத்தளத்தின் எல்லையைச் சொல்ல முன்வந்தார் என்பதற்காகவே அந்தக் கட்டுரை மீது எனக்கு மரியாதை. அவர்கள் கண்டது இது: பொருள் 256 கிலோபைட்டுக்குக் கீழே இருந்தால் தரவுத்தளம் நன்றாகக் கையாளுகிறது. ஒரு மெகாபைட்டுக்கு மேல் போனால் கோப்பு முறை வெல்கிறது. நடுவில் இருப்பவற்றுக்கு, எவ்வளவு படிக்கிறோம், எவ்வளவு அடிக்கடி அழித்து மாற்றி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. அவர்கள் சோதித்த கருவிகள் பழையவை. இன்றைய வட்டுகளில் எண்கள் வேறாகும். ஆனால் சின்னது உள்ளே, பெரியது வெளியே என்ற திசை மாறவில்லை.

எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தை உருவாக்கியவர்கள் பத்து கிலோபைட் அளவுள்ள சிறுபடங்களைத் தனித்தனிக் கோப்புகளாகப் படிப்பதைவிடத் தங்கள் தரவுத்தளத்திலிருந்து படிப்பது சுமார் 35 விழுக்காடு வேகம் என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கோப்பையும் திறந்து மூடும் வேலை மிச்சமாவதுதான் காரணம். உங்கள் கைபேசிச் செயலிகள் பலவற்றுக்குள் எஸ்க்யூலைட் இருக்கிறது. அங்கே ஐகான்களும் சின்னப் படங்களும் தரவுத்தளத்துக்குள் இருப்பது சரியே. எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும். ஒன்றை எடுத்தால் எல்லாம் வரும். என் பள்ளித் தளம் அப்படி இருந்திருந்தால் அந்த நானூறு படங்களும் பெயர்களோடு சேர்ந்தே புதிய சர்வருக்குப் போயிருக்கும். இந்த உண்மையை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொரு நியாயமும் உண்டு. ஒரு பதிவை அழித்தால் படமும் சேர்ந்து அழியவேண்டும், ஒன்று எழுதி ஒன்று எழுதாமல் நிற்கக்கூடாது என்ற இடங்களில் தரவுத்தளம் தரும் உறுதி பெரிது. அடையாளச் சான்றில் ஒட்டும் சிறிய முகப்படம், கையெழுத்துப் படம் போன்றவற்றை உள்ளே வைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ரகசியம் காக்கவேண்டும் என்பதற்காக மட்டும் உள்ளே வைப்பது தேவையில்லை. இணையத்துக்குத் தெரியாத ஃபோல்டரில் கோப்பை வைத்து, ஆளைச் சரிபார்த்த பிறகு நிரல் எடுத்துக் கொடுக்கும்படி செய்யலாம்.

உலகிலேயே அதிகப் படம் வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்க்கலாம். 2010இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் வெளியிட்ட ஹேஸ்டாக் என்ற கட்டுரையில், அப்போது தங்களிடம் 26,000 கோடிப் படக் கோப்புகள் இருப்பதாகவும், உச்ச நேரத்தில் விநாடிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் படங்கள் அனுப்புவதாகவும் எழுதினார்கள். அந்த அளவில் ஒவ்வொரு படமும் ஒரு கோப்பு என்ற முறை தாங்கவில்லை. படத்தைப் படிப்பதைவிடக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே வட்டு அதிகம் உழைத்தது. பல படங்களை ஒரே பெரிய கோப்பில் அடுக்கி, எந்தப் படம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற குறிப்பை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டார்கள். உறையை மாற்றினார்களே ஒழிய, படத்தை ஓரிடத்திலும் அதைப் பற்றிய குறிப்பை வேறிடத்திலும் வைக்கும் முறையை விடவில்லை. நமக்கு அவ்வளவு பெரிய கவலை இல்லை.

தமிழர்களுக்கு நெருக்கமான இன்னோர் இடத்துக்கு வருகிறேன். 1981இல் மே 31 இரவு கடந்து ஜூன் 1 விடியும்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியாக இருந்தவை திரும்ப வரவில்லை. ஈழத்துத் தமிழ் எழுத்துகளை மின்னாவணமாக்க 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தை அந்த நெருப்பை மறந்து என்னால் பார்க்கமுடியாது. அங்கே ஸ்கேன் செய்த ஒவ்வொரு நூலுக்கும் நூலக எண் என்று ஓர் எண் கொடுக்கிறார்கள். பட்டியல் மீடியாவிக்கி மென்பொருளில் இருக்கிறது; அதாவது தரவுத்தளத்தில். நூலின் பக்கங்கள் பிடிஎஃப் கோப்பாகத் தனியே இருக்கின்றன. 347ஆம் எண் நூல் என்றால் 04 என்ற உறைக்குள், அதாவது ஃபோல்டருக்குள், 347 என்ற உறை, அதற்குள் 347 என்ற கோப்பு. முதல் நூறு எண்கள் 01 உறையில், அடுத்த நூறு 02 உறையில், இப்படி. நாளை அந்தத் தரவுத்தளமே போய்விட்டது என்று வையுங்கள். கோப்புகளை மட்டும் வைத்திருக்கும் ஒருவர் எண் வரிசையைப் பிடித்துக்கொண்டு மறுபடி பட்டியல் போட்டுவிட முடியும். இதைவிட எளிய, இதைவிட உறுதியான முடிச்சை நான் பார்த்ததில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவில் நீங்கள் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் விக்கிமீடியா பொதுவகத்திலிருந்து வருகின்றன. அங்கும் படம் தனி, குறிப்பு தரவுத்தளத்தில். ஒரே உறையில் கோடிக்கணக்கான கோப்பைக் கொட்டக்கூடாது என்பதால் கோப்பின் பெயரிலிருந்து எம்டி5 என்ற கணக்கால் ஒரு குறி எடுத்து, அதன் முதல் எழுத்தில் ஓர் உறை, முதல் இரண்டு எழுத்தில் உள்ளுறை என்று 256 உறைகளில் பரப்புகிறார்கள். வேர்ட்பிரஸ்ஸில் தளம் நடத்துகிறவர்கள் ஆண்டு, மாதம் என்று உறைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஒரே யோசனைதான்.

கோப்பு என்று சொன்னதும் நம்மவர்கள் ஆசையாகச் செய்யும் ஒரு காரியம் உண்டு: கோப்புக்குத் தமிழில் நீண்ட பெயர் வைப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வேறு மொழியில் எழுதிய பாடப் புத்தகங்கள் இதைச் சொல்லாது. யூனிகோடில் பூந்தமல்லி என்ற சொல்லுக்குப் பத்துக் குறியீடுகள். ப, ஊகாரக் குறி, ந, புள்ளி, த, ம, ல, புள்ளி, ல, இகரக் குறி. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக முப்பது பைட். அந்தப் பெயர் இணைய முகவரியில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாகும். பூந்தமல்லி என்ற ஒரு சொல் தொண்ணூறு எழுத்தாக நீள்கிறது. லினக்ஸ் சர்வர்களில் பரவலாக இருக்கும் கோப்பு முறையில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. ஆங்கிலப் பெயருக்கு 255 எழுத்து கிடைக்கும் இடத்தில் தமிழுக்கு 85 குறியீடுகள்தான்.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று. கோயில் என்று எழுதுகிறோம். முதலெழுத்தில் இருக்கும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு பெயர். பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயரைப் பிரித்து வைக்கும் வழக்கம் உடையவை. அங்கிருந்து லினக்ஸ் சர்வருக்குப் படம் போனால் கோப்பு அங்கேயே இருக்கும், தரவுத்தளத்தில் பெயரும் இருக்கும், இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் காணாது. படம் இல்லை என்று திரை சொல்லும். கோயில், சோழர், கோபுரம் என்று நம் படங்களின் பெயர்களிலெல்லாம் இந்தக் குறி வருகிறதே!

ஆகவே கோப்புக்கு எண் கொடுங்கள். பெயரை, எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும், அழகான தமிழில் தரவுத்தளத்தில் எழுதுங்கள். அங்கேயும் ஓர் எச்சரிக்கை: எழுத்து முறை யூனிகோடு என்று தொடக்கத்திலேயே அமைக்காவிட்டால் தமிழ் எல்லாம் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டுவிடலாம். கேள்விக்குறியாகச் சேர்ந்த பிறகு அதைத் திருப்பி எடுக்க வழியே கிடையாது.

படத்தோடு பெயர் இருப்பது ஏன் முக்கியம் என்பதற்கு எடுத்துக்காட்டு சொல்கிறேன். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் தொடங்கியது. அடுத்த ஆண்டிலிருந்து தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்து, இன்று 1,60,000க்கு மேல் படங்கள் வைத்திருக்கிறது. எந்தக் கோயில், எந்தச் சிற்பம் என்ற விவரம் இருப்பதால்தான் அது ஆய்வாளருக்குப் பயன்படும் களஞ்சியம். அதே நிறுவனத்திலிருந்து சோயி ஹெட்லி, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டின் பழைய போட்டோ ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்னாவணமாக்கும் பணியை நடத்தினார். ஸ்டுடியோப் படங்களை நினைத்துப் பாருங்கள். நாற்காலியில் தாத்தா, பக்கத்தில் பூந்தொட்டி, பின்னால் திரையில் வரைந்த மாளிகை. அட்டையின் அடியில் ஸ்டுடியோவின் பெயர் அச்சிட்டிருக்கும். உட்கார்ந்திருப்பவர் பெயர் இருக்காது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் எழுதவில்லை. தெரிந்தவர்கள் போனபின் அது ஒரு தாத்தாவின் படம், அவ்வளவுதான்.

எழுதவேண்டியது பெயரோடு முடிவதில்லை. இந்த ஊரில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இங்கேதான். அங்கே படிக்கும் பிள்ளைகள் கணினியைத் திரைவாசிப்பு மென்பொருள் கொண்டு பயன்படுத்துகிறார்கள். படம் வரும் இடத்தில் அந்த மென்பொருள், நீங்கள் எழுதிவைத்த விவரிப்பை உரக்கப் படிக்கும். எழுதவில்லை என்றால் கோப்பின் பெயரையோ வெறுமனே படம் என்றோ சொல்லும். ஒரு தளத்தில் இருநூறு படங்கள் வைத்துவிட்டு விவரிப்பு ஒன்றும் எழுதாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் இருநூறு முறை கதவைச் சாத்துகிறீர்கள். தரவுத்தளத்தில் ஒரு புலம் கூடுதலாக வையுங்கள். படத்தில் யார், எங்கே நிற்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று இரண்டு வரி. பூந்தமல்லியில் தளம் நடத்துகிறவர் இதை மறக்கக்கூடாது.

மாணவர்களுக்குத் தொழில் சார்ந்து சில சொற்கள். படத்தை ஏற்றும்போது முதலில் கோப்பை எழுதுங்கள், அது வட்டில் சேர்ந்தது என்று உறுதியான பிறகு தரவுத்தளத்தில் பதியுங்கள். அழிக்கும்போது முதலில் பதிவு, பிறகு கோப்பு. இந்த வரிசையில் செய்தால் நடுவில் மின்சாரம் போனாலும் மிஞ்சுவது சொந்தக்காரர் இல்லாத ஒரு கோப்பு மட்டும். படமில்லாத பெயர் மிஞ்சாது. வாரம் ஒருமுறை ஒரு சின்ன நிரல் ஓடி, பதிவு இல்லாத கோப்பு எது, கோப்பு இல்லாத பதிவு எது என்று பட்டியல் தரட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ-256 குறியைக் கணக்கிட்டு, அந்த 64 எழுத்தைப் பதிவிலேயே வையுங்கள். படத்தில் ஒரு பிட் மாறினாலும் அது காட்டிக்கொடுக்கும். ஒரே கோப்பை இரண்டு பேர் ஏற்றினாலும் தெரிந்துவிடும். தளத்தை வேறு சர்வருக்கு மாற்றுகிற நாளில் அந்தப் பட்டியலை ஓட்டிப் பார்க்காமல் பழைய கணக்கை மூடாதீர்கள். எங்கள் பள்ளித் தளத்தில் அந்த ஒரு காரியத்தைச் செய்திருந்தால் போதும்.

இன்னும் ஒன்று, அன்பர்களே. நம் தாத்தாக்கள் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் பெயரும் தேதியும் எழுதினார்கள். மின்படத்துக்கும் பின்புறம் உண்டு. ஜேபெக் கோப்புக்குள்ளேயே எக்ஸ்எம்பி என்ற முறையில் தலைப்பும் பெயரும் குறிப்பும் எழுதலாம். தமிழிலேயே எழுதலாம். தரவுத்தளத்தில் இருப்பதை அங்கேயும் ஒருமுறை எழுதிவிடுங்கள். நார் அறுந்தாலும் பூவில் கொஞ்சம் நார் ஒட்டிக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு கழன்றுவிடும்; ஆவணமாக அனுப்பினால் தங்கும். உறவினர்கள் உங்களுக்குப் பழைய படம் அனுப்பும்போது ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

சித்தியின் படங்களுக்கு என்ன ஆயிற்று என்று சிலர் யோசிப்பீர்கள். தண்ணீர் வடிந்த அடுத்த மாதம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்தேன். மடிக்கணினியில் ஒவ்வொன்றாகக் காட்டுவேன். அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். இது உன் பெரியம்மாவின் நாத்தனார், இது திருமழிசையில் எடுத்தது, இந்தப் பையன் பட்டாளத்துக்குப் போனவன் என்று சொல்வார். பாதிக்கு மேல் பெயர் சேர்ந்தது. மீதியை அவராலும் சொல்ல முடியவில்லை. அந்தப் படங்கள் என்னிடம் மூன்று இடங்களில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் இருப்பவர்கள் யார் என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.

வாசலில் ஒரு மேசையும் ஸ்கேனரும் வைத்திருக்கிறோம். பழைய படம் கொண்டுவந்திருப்பவர்கள் போகும்போது கொடுங்கள், அங்கேயே ஸ்கேன் செய்து கையில் திருப்பித் தந்துவிடுவோம். மேசையில் இருக்கும் நோட்டில் படத்தில் உள்ளவர்களின் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதிவிட்டுத்தான் படத்தைக் கொடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெயர் தெரியாதவர்கள் படத்தை வீட்டுக்குத் திரும்ப எடுத்துப்போய், இன்றே, தெரிந்த பெரியவரிடம் கேட்டுவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.